கையில் 1,50,000 ரூபாய்: ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் தொழிலுக்குக் கொட்டகையும் இயந்திரமும் முதலில் வேண்டுமா?

கேள்வி (திருவட்டாறு)

அனைவருக்கும் வணக்கம். குமரி மாவட்டத்தில் திருவட்டாற்றுக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். என் கணவர் 11 ஆண்டுகள் வளைகுடா நாட்டில் பணிபுரிந்தார். அவர் வேலை செய்த நிறுவனம் ஆட்களைக் குறைத்ததால் சென்ற தை மாதம் ஊர் திரும்பிவிட்டார். மகன் பதினொன்றாம் வகுப்பில் படிக்கிறான். மாமியாரும் எங்களோடு இருக்கிறார். வீடு கட்ட வாங்கிய கடன் முழுவதும் அடைந்துவிட்டது என்பது பெரிய ஆறுதல். ஆனால் இப்போது கையில் மீந்திருப்பது 1,50,000 ரூபாயும் 6 பவன் நகையும் மட்டுமே. மாதம் 18,000 ரூபாய் வந்தால் குடும்பத்தைச் சுருக்கமாக நடத்திவிடலாம்.

ஓணத்திற்கும் அக்கம்பக்கத்துத் திருமணங்களுக்கும் தேங்காய் எண்ணெயில் ஏத்தங்காய் வறுத்துக் கொடுப்பது என் அம்மாவின் காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் உண்டு. கைப்பக்குவத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை. பணக் கணக்குதான் பிடிபடவில்லை. வீட்டின் பின்புறம் 60,000 ரூபாயில் தகரக் கொட்டகை போட்டு, 28,000 ரூபாயில் சீவும் இயந்திரம் ஒன்று வாங்கி, மீதியுள்ள 62,000 ரூபாயில் காயும் எண்ணெயும் வாங்கித் தொடங்கலாம் என்பது கணவரின் திட்டம். நாகர்கோவிலில் ஒரு பலகாரக் கடைக்காரர் வாரம் 40 கிலோ எடுத்துக்கொள்வதாகவும் கிலோவுக்கு 410 ரூபாய் தருவதாகவும் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு மாத முடிவிலும் கணக்குப் பார்த்து, அதற்கடுத்த மாத முடிவில் பணம் தருவாராம். போதாததற்கு உறவினர் ஒருவர், அவர் நடத்தும் ஒரு இலட்ச ரூபாய்ச் சீட்டில் சேர்ந்து முதல் மாதங்களிலேயே ஏலத்தில் தள்ளுபடி விட்டுத் தொகையை எடுத்துக்கொண்டால் கடன் வாங்கும் தேவையே இராது என்கிறார்.

இந்தத் திட்டத்தில் எங்கே தவறு இருக்கிறது என்பதை, இத்தொழிலில் இருப்பவர்கள் மறைக்காமல் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் (மார்த்தாண்டம், 2014 முதல் சிப்ஸ் தயாரிப்பவர்)

சகோதரிக்கு வணக்கம். கைப்பக்குவம் இருக்கிறது, வாங்குவதற்கு ஆளும் இருக்கிறார், கடனும் இல்லை. நான் தொடங்கியபோது இந்த மூன்றில் ஒன்றுதான் என்னிடம் இருந்தது. ஆகவே தொழிலை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் உங்கள் திட்டப்படியே போனால் ஐந்தாவது வாரத்தில் காய் வாங்கக் கையில் பணம் இராது. அது ஏன் என்பதைக் கணக்காகவே காட்டுகிறேன்.

ஒரு கிலோ சிப்ஸுக்குத் தோலோடு ஏறத்தாழ 4 கிலோ ஏத்தங்காய் வேண்டும். கிலோ 40 ரூபாய் என்று வைத்தால் காய்க்கு 160 ரூபாய். வறுக்கும்போது சிப்ஸ் குடிக்கும் எண்ணெய் 300 கிராம். கிலோ 400 ரூபாய் வீதம் 120 ரூபாய். பழகிப்போன எண்ணெயைக் கழிக்கும் வகையில் 10, எரிவாயு 18, உப்பும் மஞ்சளும் 2, பையும் பெயர்ச்சீட்டும் 8, போக்குவரத்து 7. இதுவரை 325 ரூபாய், அத்தனையும் கையிலிருந்து உடனே போகும் பணம். இதோடு உங்கள் இருவருடைய கூலியாகக் கிலோவுக்கு 35 ரூபாயாவது எழுதியாக வேண்டும்; ஆக அடக்கவிலை 360 ரூபாய். விலைகள் நாள்தோறும் மாறும் என்பதால் உங்கள் ஊர் விலையை இட்டுத் திரும்பக் கணக்கிடுங்கள், ஆனால் எந்தச் செலவையும் விட்டுவிடாதீர்கள். எண்ணெய் கழிக்கும் செலவைத்தான் புதியவர்கள் எல்லோரும் மறக்கிறார்கள். திரும்பத் திரும்பக் காய்வதால் எண்ணெயில் உண்டாகும் முனைவுச் சேர்மங்கள் மொத்தம் 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயில் வறுக்கக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. விதி இல்லாவிட்டாலும், கறுத்த எண்ணெயில் வறுத்த சிப்ஸ் பத்தே நாளில் காறல் வாடை அடித்துத் திரும்பி வந்துவிடும்.

இப்போது கடைக்காரரின் ஏற்பாட்டைப் பாருங்கள். வாரம் 40 கிலோவுக்கு 13,000 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகிறது. முதல் மாதம் முழுவதும் கொடுத்த சரக்குக்குப் பணம் வருவது இரண்டாம் மாத முடிவில்தான். அதற்குள் எட்டு வாரச் சரக்கை நீங்கள் வறுத்துக் கொடுத்திருக்க வேண்டும், அதாவது 1,04,000 ரூபாய் இறக்கியிருக்க வேண்டும். கொட்டகையும் இயந்திரமும் போக உங்களிடம் இருப்பதோ 62,000 ரூபாய். நான்கு வாரத்தில் 52,000 ரூபாய் போய்விடும். ஐந்தாவது வாரத்திற்கு மீதி 10,000 ரூபாய், வேண்டியதோ 13,000 ரூபாய். அந்த நாளில் உங்கள் கணக்குப் புத்தகம் 160 கிலோ விற்றதாகவும், 65,600 ரூபாய் வர வேண்டியிருப்பதாகவும், செலவும் கூலியும் போக 8,000 ரூபாய் இலாபம் என்றும் காட்டும். இலாபம் காட்டுகிற புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரு குலை காய் வாங்க வழியில்லாமல் நிற்பீர்கள், அதுவும் இரண்டு மாத வீட்டுச் செலவான 36,000 ரூபாயைச் சேர்க்காமலேயே. 2015-இல் நான் சரியாக இந்த நிலையில்தான் நின்றேன். மனைவியின் வளையலை அடகு வைத்துக் காய் வாங்கினேன், அந்தக் கடையிலிருந்து கடைசித் தவணை வந்து சேர ஏழு மாதம் ஆயிற்று.

ஆகவே கொட்டகையை இப்போது போடாதீர்கள். வாரம் 40 கிலோ என்பது 160 கிலோ காய். பலகையில் வைத்து நேரே எண்ணெய்க்குள் சீவும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், இரண்டு பேர் வாரத்தில் மூன்று நாள் வேலை செய்தாலே அதை முடித்துவிடலாம். இயந்திரம் வாங்கும் நாள் எது என்பதை உங்கள் கையே சொல்லிவிடும்: வாங்க ஆள் இருந்தும் சீவ நேரமில்லாமல் நான்கு வாரம் தொடர்ந்து திருப்பி அனுப்புகிறீர்கள் என்றால், அப்போது வாங்குங்கள். இப்போது பெரிய இரும்புச் சட்டி, அடுப்பு, முத்திரை பதித்த மின்னணுத் தராசு, பை ஒட்டும் கருவி, உணவுப் பாதுகாப்புப் பதிவு ஆகியவை போதும். தராசுக்கு ஆண்டுதோறும் மறுமுத்திரை பதிக்க வேண்டும். பதிவுக்கு நான் 2019-இல் புதுப்பித்தபோது ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம். ஆண்டு விற்பனையைப் பொறுத்துப் பதிவா, உரிமமா என்பது மாறும் என்பதால் விற்பனை வளர வளர அதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

மற்றொன்றையும் மனதைத் திடப்படுத்திக்கொண்டு பாருங்கள். கிலோவுக்கு 410 ரூபாயில் அடக்கம் 360 போனால் 50 ரூபாய் நிற்கும், நொறுங்கல், திரும்பி வருவது, சட்டி தேய்மானம் என்று 10 ரூபாய் கழியும், மிஞ்சுவது 40. கூலி 35 ரூபாயையும் சேர்த்துக் கிலோவுக்கு 75 ரூபாய் உங்கள் வீட்டுக்கு வரும். வாரம் 40 கிலோ என்றால் நான்கு வாரத்திற்கு 12,000 ரூபாய். உங்களுக்கு வேண்டிய 18,000 ரூபாய் கிடைக்க வாரம் 60 கிலோ விற்க வேண்டும். அந்த அளவை எட்ட எனக்கு ஒன்றரை ஆண்டு பிடித்தது. அதுவரை உங்கள் கணவர் வேறொரு வேலையைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. முழு வீடும் ஒரே சட்டியை நம்பி உட்கார வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. விலையை யாருக்கும் ஆண்டு முழுவதற்கும் உறுதி கொடுக்காதீர்கள். ஓணத்திற்கு முந்தைய வாரங்களில் குலையெல்லாம் கேரளத்துக்கு ஏறிவிடும். நம் வடசேரி கனகமூலம் சந்தையிலும் மார்த்தாண்டம் சந்தையிலும் காய் விலை தாறுமாறாக ஏறும், பண்டிகை முடிந்ததும் இறங்கும். 2025-இல் தேங்காய் எண்ணெய் விலை ஏறிய ஏற்றத்தில், பழைய விலைக்கு வாக்குக் கொடுத்திருந்த எங்கள் பகுதித் தயாரிப்பாளர்கள் சிலர் ஒவ்வொரு கிலோவுக்கும் கையிலிருந்து போட்டுக் கொடுத்தார்கள். பதினைந்து நாளுக்கொரு முறை விலை பேசுவோம் என்று முதல் நாளே சொல்லிவிட்டால் யாரும் வருத்தப்படுவதில்லை.

பதில் (நாகர்கோவில், பணி ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்)

மேலே சகோதரர் எழுதிய கணக்கை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். கடனைப் பற்றியும் சீட்டைப் பற்றியும் மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் முப்பது ஆண்டுகளாகக் கடன் விண்ணப்பங்களைப் பார்த்தவன் என்ற முறையில் இந்த இடத்தில்தான் குடும்பங்கள் சரிவதைக் கண்டிருக்கிறேன்.

ஏலச்சீட்டை முதல் மாதங்களில் தள்ளி எடுப்பது கடன்தான். 20 மாதம், மாதம் 5,000 ரூபாய் என்ற சீட்டில் 25,000 ரூபாய் தள்ளுபடிக்கு எடுத்தால் கையில் வருவது 75,000 ரூபாய். அதன் பிறகு எல்லா மாதமும் தவணை கட்டியே தீர வேண்டும். தள்ளுபடியில் உங்களுக்குப் பங்கு திரும்ப வரும் என்பது உண்மைதான், ஆனால் வியாபாரம் மந்தமான மாதத்திலும் தவணை நிற்காது. அதைவிட முக்கியமானது, 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்யாமல் நடத்தப்படும் சீட்டில் பணம் போனால் உங்களுக்குப் பிடிமானம் மிகக் குறைவு. நடத்துபவர் உறவினர் என்பதால் பதிவு எண்ணைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

வட்டியைக் கேட்கும்போது, முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி வரை போடும் நிலையான வட்டியா, குறையும் நிலுவைக்கு மட்டும் வட்டியா என்று கேளுங்கள். 1,00,000 ரூபாயை 12 விழுக்காட்டில் மூன்று ஆண்டுக்கு வாங்கினால், குறையும் நிலுவை முறையில் மாதத் தவணை ஏறத்தாழ 3,321 ரூபாய், மொத்த வட்டி 19,600 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அதே 12 விழுக்காட்டை நிலையான வட்டியாகப் போட்டால் மொத்த வட்டி 36,000 ரூபாய் ஆகிவிடும். சந்தையில் புழங்கும் தண்டல் கடன் இன்னும் கொடியது. 9,000 ரூபாய் கையில் தந்து நாளுக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாள் வாங்கினால் வட்டி 1,000 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் நாள்தோறும் திருப்பிக் கொடுப்பதால் சராசரியாக உங்கள் கையில் இருப்பது 4,500 ரூபாய்தான். ஆண்டுக் கணக்கில் அது 80 விழுக்காட்டுக்கு மேலான வட்டி.

சிறுதொழில்களுக்குப் பிணையில்லாமல் வங்கிகள் தரும் முத்ரா கடன் 2015 ஏப்ரலில் தொடங்கியது; அதில் சிசு என்ற பிரிவில் 50,000 ரூபாய் வரை கிடைக்கும். உங்களுக்கு ஆறு மாத விற்பனைக் கணக்கு எழுத்தில் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு உங்கள் வங்கிக் கிளைக்குப் போகலாம். கொட்டகையும் இயந்திரமும் பெரிய அளவில் வேண்டும் என்று முடிவெடுத்தால் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தைப் பாருங்கள்: கிராமப்புறத்துப் பெண்ணுக்குத் திட்ட மதிப்பில் 35 விழுக்காடு மானியம், சொந்தப் பங்கு 5 விழுக்காடு. மானியத் தொகை உடனே கைக்கு வராது. மூன்று ஆண்டு வங்கியில் வைப்பாக இருந்து, பிறகுதான் கடனில் கழிக்கப்படும். இந்த 35 விழுக்காட்டு மானியம் புதிய தொழிலுக்கு மட்டுமே. ஏற்கெனவே நடக்கும் தொழிலுக்குக் கிடையாது. ஆகவே எந்த வழியில் போவது என்பதைத் தொடங்கும் முன்பே நாகர்கோவில் கோணம் பகுதியில் உள்ள மாவட்டத் தொழில் மையத்தில் போய்ப் பேசி, எந்தெந்தத் திட்டம் இப்போது நடப்பில் உள்ளது என்று கேட்டுத் தீர்மானியுங்கள். மானியத்திற்காகவே தேவைக்கு மேல் கடன் வாங்கியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 35 விழுக்காடு போக மீதியை வட்டியோடு கட்டுவது நீங்கள்தான் என்பதை மறக்க வேண்டாம்.

சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணமே இல்லை. இடைத்தரகர் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பதிவு செய்த சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு எடுப்பவர், ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் சொல்கிறது. நீங்கள் வழக்குப் போடப் போவதில்லை. ஆனால் ரசீதில் பதிவு எண்ணையும் பணம் தர வேண்டிய தேதியையும் அச்சிட்டுக் கொடுத்தால் பேச்சு எளிதாகும். நாகர்கோவில் கடைக்காரர் கேட்பது, மாதத் தொடக்கத்தில் கொடுத்த சரக்குக்கு ஏறத்தாழ 60 நாள் தவணை.

பதில் (குளச்சல், மகளிர் குழுவில் மீன் ஊறுகாய் செய்பவர்)

தங்கச்சி, ஒன்றில் மட்டும் மார்த்தாண்டத்து அண்ணனின் எழுத்தோடு சேர்த்து என் அனுபவத்தைச் சொல்ல விரும்புகிறேன். அவர் எழுதியதைப் படித்துவிட்டுக் கடனுக்குச் சரக்கே கொடுக்கக் கூடாது என்று நினைத்துவிடாதே. நம் மாவட்டத்தில் முழு ரொக்கத்துக்கு எடுக்கிற கடை அரிது. நாங்கள் பில்லுக்குப் பில் என்ற முறையில் கொடுக்கிறோம்: போன வாரத்து ரசீதுக்குப் பணம் தந்தால் இந்த வாரத்துச் சரக்கு இறங்கும். எவ்வளவு பழகிய கடையானாலும் ஒரு ரசீதுக்கு மேல் நிலுவை ஏற விடுவதில்லை. அந்தக் கடைக்காரரிடம் 40 கிலோ வேண்டாம், 15 கிலோ போதும், பில்லுக்குப் பில் தாருங்கள், விலையில் வேண்டுமானால் கிலோவுக்கு 10 ரூபாய் குறைத்துக்கொள்கிறேன் என்று கேட்டுப் பார். ஒப்புக்கொள்ளவில்லை என்றால் அவர் உன் சிப்ஸை விரும்பவில்லை, உன் பணத்தில் கடை நடத்த விரும்புகிறார் என்று தெரிந்துவிடும். மீதியை உன் ஊர்ப் பள்ளி ஆசிரியர்கள், தேவாலயத் திருவிழா, கோயில் கொடை, வளைகுடாவுக்குப் போகிறவர்களின் பெட்டி என்று நேரடியாக விற்கலாம். பெட்டி கட்டுகிறவர்கள் தேங்காய் எண்ணெய்ச் சிப்ஸுக்கு விலை பேசுவதே இல்லை.

எங்கள் குழு முதல் முறை தொழிலை நிறுத்த நேர்ந்தது நஷ்டத்தால் அன்று. விற்ற பணம் ஒரு டப்பாவில் இருந்தது. மகளின் பள்ளிக் கட்டணம், மருந்து, விருந்து என்று நானும் மற்றவர்களும் அதிலிருந்தே எடுத்தோம். எடுத்ததை யாரும் எழுதவில்லை. மீன் வாங்கப் போன ஒரு வெள்ளிக்கிழமை டப்பாவில் 340 ரூபாய்தான் இருந்தது. திருட்டு நடந்ததோ என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்த அந்த நாளை இப்போதும் நினைக்கப் பிடிக்கவில்லை. அதன் பிறகு தொழிலுக்கெனத் தனி வங்கிக் கணக்கும், அதில் சேரும் தனி கியூ.ஆர். அட்டையும் வைத்தோம். எங்கள் கூலியைச் சனிக்கிழமை மாலை மட்டும் எடுப்போம். இடையில் எவ்வளவு அவசரமானாலும் எடுத்தவர் பெயர் எழுதிக் கடனாகவே எடுப்போம். நாள்வழி ஒரு நோட்டு, கடைகளின் பற்று ஒரு நோட்டு, இவ்வளவுதான் எங்கள் கணக்கு. சனிக்கிழமை நோட்டும் வங்கி இருப்பும் கைப்பணமும் ஒத்துப்போனால்தான் எழுந்திருப்போம்.

ஒக்கிப் புயல் வந்த 2017 நவம்பர் 30-ஐ நீயும் மறந்திருக்க மாட்டாய். வாழையும் ரப்பரும் விழுந்தன, பல ஊரில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை, கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. எங்களுக்கு மீனே இல்லாமல் ஒரு மாதத்துக்கு மேல் அடுப்பு எரியவில்லை. ஆகவே உன் 1,50,000 ரூபாயில் மூன்று மாத வீட்டுச் செலவை, அதாவது 54,000 ரூபாயை, முதலில் தனியாக ஒதுக்கிவிட்டுப் பிறகு தொழிலைப் பற்றி நினை. நகையைத் தொடாதே, அது அப்படி ஒரு மாதத்துக்காக இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர் (திருவட்டாறு)

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்று இரவு நானும் கணவரும் இதையெல்லாம் தாளில் எழுதிப் பார்த்தோம். 54,000 ரூபாயை அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் போட்டுவிட்டோம். கொட்டகையை விட்டுவிட்டோம், மாமியார் தம் பழைய சமையலறைப் பகுதியை ஒதுக்கித் தருகிறார். சட்டி, அடுப்பு, தராசு, பதிவு, பை எல்லாம் சேர்த்து 31,000 ரூபாய்க்குள் அடங்கும் என்று தெரிகிறது. ஆக 65,000 ரூபாய் காய்க்கும் எண்ணெய்க்கும் நிற்கும். கடைக்காரர் 15 கிலோவுக்கு 400 ரூபாயில் பில்லுக்குப் பில் ஒப்புக்கொண்டார், குளச்சல் அக்காவுக்கு அதற்காகத் தனி நன்றி. கணவர் பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு கடையில் பகல் வேலைக்குச் சேர்கிறார். இன்னும் ஒரே ஐயம்: 65,000 ரூபாய் கையில் இருப்பதால், விலை ஏறுமுன் எண்ணெயை மொத்தமாக ஆறேழு டின் வாங்கி வைக்கலாமா?

பதில் (மார்த்தாண்டம்)

வேண்டாம், சகோதரி. 15 கிலோ டின் ஒன்று 400 ரூபாய் விலையில் 6,000 ரூபாய். ஏழு டின் வாங்கினால் 42,000 ரூபாய் மூலையில் உட்கார்ந்துவிடும். கடைக்கும் நேரடி விற்பனைக்குமாக வாரம் 20 கிலோ சிப்ஸ் என்று வைத்தாலும் நீங்கள் செலவழிக்கப் போவது 6 கிலோ எண்ணெய்தான், சட்டியை நிரப்ப முதலில் ஒருமுறை கூடுதலாக வேண்டும். ஆகவே இரண்டு டின்னோடு தொடங்கி, ஒன்று தீர்ந்ததும் ஒன்று வாங்குங்கள். விலை கிலோவுக்கு 20 ரூபாய் ஏறினாலும் ஒரு கிலோ சிப்ஸில் உங்களுக்கு 6 ரூபாய்தான் கூடும், அதைப் பதினைந்து நாளுக்குள் விலையில் சேர்த்துவிடலாம். இறங்கிவிட்டால் ஏழு டின்னிலும் நஷ்டம் உங்களுடையது. காயை மட்டும் முன்கூட்டியே பேசி வையுங்கள். திருவட்டாற்றைச் சுற்றி ஏத்தன் போடும் விவசாயிகள் இருவரிடம், சந்தை விலையிலேயே, குலை வெட்டும் நாளில் ரொக்கம் தருவதாகச் சொல்லுங்கள். காற்றடிக்கிற ஆனி, ஆடி மாதங்களில் குலை சாயும்போது அவர்கள் முதலில் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். முற்றாத காய் சிப்ஸுக்கு ஆகாது என்பதால், வெட்டும் முன் ஒரு முறை தோட்டத்துக்கே போய்ப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.